மந்திரவாதிக்குச் சீட்டு இல்லை

சங்கத்தின் திங்களிதழில் திருக்குறள் வகுப்புச் செய்தியும், பொங்கல் விழாக் கணக்கும், மணமக்கள் தேவைப் பகுதியும் படித்துப் பழகிய அன்பர்கட்கு, முதியோராகிய நாங்கள் இருவரும் சிறுவர் விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஓராண்டுக் காலமாக ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணி வரை எங்கள் வீட்டுக் கூடம் எங்களுடையதாக இல்லை. அது மந்திரவாதிகளுக்கும் பொறியாளர்களுக்கும் உரியதாகிவிட்டது. தேநீரும் முறுக்கும் கொண்டு செல்லும் உரிமை மட்டுமே எங்களுக்கு மிச்சம். அவ்வுரிமையின் துணையால் கேட்டும் கண்டும் அறிந்த செய்தி ஒன்று எங்கள் உள்ளத்தை விட்டு நீங்காமையால் அதனை எழுதுகிறோம்.

எங்களுள் மூத்தவர் 1972 முதல் 2010 வரை கரக்பூர் இரயில்வேப் பட்டறையில் பணியாற்றியவர். மற்றவர் அவ்வூர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்பொழுது மகன் குடும்பத்தோடு கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழ்கிறோம். பேரனுக்கு 15 வயது. அவனும் அவன் தோழர் நால்வரும் ஆடுவது, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று நடத்தும் விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறதென்று வாயால் சொல்வர். செய்தது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். இவர்கள் பகடையில் 20 முகமுள்ளதும் உண்டு. வெற்றி தோல்வி என்று முடிவதில்லை. கதை வளர்ந்துகொண்டே போகும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற விளையாட்டிலிருந்து இக்குடும்பம் பெருகியது என்பர்.

பேரன் நடத்தும் கதைக்கு மூலம் வேறு. எங்கள் மகன் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ‘ஆர்க்கேனம்’ என்னும் கணினி விளையாட்டில் இரவெல்லாம் கண்விழித்திருக்கிறான். (இஃது எங்களுக்குத் தெரிய வந்தது 20 ஆண்டு கழித்து, அதுவும் பேரன் வாயால்.) கலிபோர்னியாவில் டிராய்க்கா என்ற சிறு நிறுவனம் ஆக்கி, 2001ஆம் ஆண்டு வெளிவந்தது அது. அவ்வுலகில் குள்ளரும் வனமாந்தரும் அரக்கக் கலப்பினத்தாரும் மனிதரோடு வாழ்கின்றனர். மந்திரம் உண்மையாகவே பலிக்கிறது. அவ்வுலகிற்கு நீராவிப் பொறி வந்து சேர்கிறது. துப்பாக்கியும் மின்சாரமும் தொடர்கின்றன. கதையே அவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

மந்திரத்தில் 16 துறைகள், துறைக்கு 5 ஆக 80 மந்திரங்கள் உள்ளன. பொறியியலில் 8 துறைகள். மருந்து, மின்சாரம், வெடி, துப்பாக்கி என்று அவை விரிகின்றன. ஒருவன் மந்திரம் பயிலப் பயில ஒரு முள் ஒரு பக்கம் சாயும். பொறி பயில மறுபக்கம் சாயும். நடுவில் நிற்பவன் இரண்டிலும் சிறியனாகவே இருக்க வேண்டும். பேரன் அந்த 80 மந்திரங்களுக்கும் தமிழ்ப் பெயர் கேட்டு எங்களிடம் வந்தான். தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று நிபந்தனை விதித்தோம். இதுவரை 34 பெயர் எழுதியிருக்கிறான். ‘ழ’கரம் வரும் இடங்களில் மட்டும் மை கொஞ்சம் சிந்தியிருக்கிறது.

பொறியும் மந்திரமும் ஏன் ஒன்றையொன்று கெடுக்க வேண்டும்? அவ்விளையாட்டு கூறும் காரணம் பட்டறைக்காரருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பொறி என்பது இயற்கை விதியைப் பணிந்து நடப்பது. நீர் கொதித்தால் ஆவியாகும், அடைபட்ட ஆவி உந்தித் தள்ளும் என்பன என்றும் மாறாதிருந்தால்தான் உந்துதண்டு அசையும். மந்திரமோ இயற்கை விதியை வளைத்து வேலை வாங்குவது. ஆதலின் வலிய மந்திரவாதி அருகே வந்தால் விதிகள் தளர்கின்றன. துப்பாக்கி வெடிக்க வேண்டிய பொழுதில் வெடியாது, பற்சக்கரம் பிசகும். அவ்வாறே பெரும்பொறி ஒன்றின் அருகே விதிகள் இறுகி நிற்பதால் மந்திரம் சோர்ந்துபோகும். தீய எண்ணம், சாபம், தெய்வ கோபம் எதுவும் இதில் இல்லை. இரண்டு தொழில்கள் ஒரே பொருளை இரண்டு வழியில் கையாளுகின்றன, அவ்வளவே.

இதனால் விளைவனவற்றை அவர்கள் விடாமல் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மந்திர நாட்டம் முற்றிய ஒருவன் இரயில் நிலையத்திற்குப் போய்ச் சீட்டுக் கேட்டால் கிடைக்காது. அவன் ஏறினால் எஞ்சின் என்னாகுமோ என்ற அச்சம். அவன் காட்டுவழியே நடந்துதான் செல்ல வேண்டும், அல்லது தன் மந்திரத்தால் பறந்து சென்றுகொள்ள வேண்டும். மறுபக்கம் இன்னும் கொடிது. கதையின் தொடக்கத்திலேயே வர்ஜில் என்னும் துணைவன் ஒருவன் சேர்கிறான். காயத்தை மந்திரத்தால் ஆற்ற வல்லவன். ஆனால் நாயகன் பொறியியலில் மிகுதியாகத் தேர்ந்துவிட்டானாயின், வர்ஜிலின் மந்திரம் அவன் உடலில் பற்றுவதில்லை. நண்பன் பக்கத்தில் மண்டியிட்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அடிபட்டவன் தன் பையில் மருந்துப் புட்டியைத் தேட வேண்டியதுதான். விளையாட்டில் இப்படியொரு காட்சியை அமைத்தவர்களை நாங்கள் எளியவர்களாக எண்ணவில்லை.

சீட்டு மறுக்கும் செய்தியைப் பேரன் சொன்ன அன்று, 38 ஆண்டு இரயில்வேயில் இருந்தவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் பட்டறையில் எந்தப் பொறி மந்திரத்தைக் கண்டு பழுதாயிற்று? செப்டம்பர்த் திங்களில் விசுவகர்மா பூசையன்று கடைசல் பொறிக்கும் பாரந்தூக்கிக்கும் மாலை சாத்தி, பூசகர் மந்திரம் ஓதிய பிறகே மறுநாள் வேலை தொடங்கியது. வங்காளத்துச் சிறுவர் அன்று வானமெல்லாம் பட்டம் விடுவர். நம் ஊர்களில் ஆயுத பூசையன்று பேருந்துச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காத ஓட்டுநர் உண்டா? பொறி வந்ததால் நம் நாட்டில் மந்திரம் வெளியேறவில்லை. பொறிக்கே பொட்டு வைத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டோம். அறிவியல் வளர வளர உலகம் தன் மாயத்தை இழக்கிறது என்று செர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1917ஆம் ஆண்டு மியூனிக் நகரில் மாணவர்க்கு உரையாற்றினார். ஆர்க்கேனம் என்னும் கற்பனை நாடும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகையில் எழுந்ததே. அந்தப் பகை அவர்கள் மண்ணுக்குரியது என்று பேரனிடம் வாதாடினோம்.

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. “பாட்டி, எலுமிச்சம்பழம் வைத்தால் பிரேக் வேலை செய்யாத பேருந்து நிற்குமா?” என்று வினவினான். நிற்காது என்றோம். “அப்படியானால் அது மரியாதை, மந்திரம் இல்லை. மந்திரம் உண்மையிலேயே விதியை மாற்றுவதாக இருந்தால் ஓட்டுநர் அதைத் தம் வண்டிக்குப் பக்கத்தில் விடுவாரா?” இதற்கு விடை சொல்ல எங்களால் உடனே இயலவில்லை. மேலும், பகை இல்லாவிட்டால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்றும் சொன்னான். எல்லோரும் இடக்கையில் துப்பாக்கியும் வலக்கையில் மந்திரக்கோலும் ஏந்தி நின்றால் கதையில் யாருக்கு யார் தேவைப்படுவர்? அது சரியான பேச்சு என்றே இன்றும் கருதுகிறோம்.

பிற விளையாட்டுகளில் இப்பகைக்கு வேறு வேறு காரணம் கூறுகிறார்கள். 1993இல் வந்த ‘மேஜ்: தி அசென்ஷன்’ என்பதில், உலகம் எத்தகையது என்று மக்கள் நம்புகிறார்களோ அத்தகையதாகவே இருக்கிறது. மக்கள் பொறியை நம்பத் தொடங்கியதால், நம்பாதவர் கண்முன் மந்திரம் செய்பவன் மீதே அது திரும்பிப் பாய்கிறது. டிரெஸ்டன் என்ற மந்திரவாதியைப் பற்றிய நாவல் வரிசையைத் தழுவி 2010இல் வந்த விளையாட்டில் நிலைமை தலைகீழ். மந்திரவாதி வந்தால் கெடுவது பொறிதான். 1989இல் வெளிவந்த ‘ஷேடோரன்’ எதிர்கால நகரங்களைப் பற்றியது. அதில் ஒவ்வோர் உயிருக்கும் உயிர்ச்சாரம் என்று 6 புள்ளி உண்டு. உடலுக்குள் பொறி பதித்துக்கொள்ளுந்தோறும் அது குறையும். குறையும் அளவுக்கு மந்திர வலிமையும் குறையும். பேரன் இவற்றுள் எல்லாம் சிறிது சிறிது எடுத்துத் தன் விதிக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். ‘உடலில் பொறி ஒன்றுக்கு மந்திரம் ஒரு புள்ளி குறைவு’ என்பது அதில் ஒரு வரி.

இங்கே எங்கள் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுள் மூத்தவரின் மார்பில் 2021 முதல் பேஸ்மேக்கர் என்னும் பொறி இருக்கிறது. நெஞ்சு துடிக்க மறக்கும் பொழுதெல்லாம் அதற்கு நினைவூட்டுகிறது. கைபேசியை அப்பக்கத்துச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது, 15 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும், மறுபக்கத்துக் காதில் வைத்துப் பேச வேண்டும் என்றார் மருத்துவர். இண்டக்ஷன் அடுப்பின் மேல் குனியக் கூடாது, வெல்டிங் நடக்கும் இடத்தை நெருங்கக் கூடாது என்பனவும் அப்பட்டியலில் இருந்தன. வாழ்நாளெல்லாம் வெல்டிங் பொறியருகே நின்றவருக்கு இப்பொழுது தெருமுனைக் கதவுக்கடையைக் கடக்கவும் எதிர்ச்சாரிக்குப் போக வேண்டியிருக்கிறது. “தாத்தாவுக்கு மந்திரத்தால் ஆபத்து இல்லை, பொறியால்தான் ஆபத்து” என்று பேரன் வேடிக்கையாகச் சொன்னான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். குறிப்பேட்டில் இருந்த அந்த வரி அதுவரை எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது.

மேசையைச் சுற்றி அமரும் ஐவருள் ஒருவன் மேல்மாடியில் குடியிருக்கும் வங்காளி வீட்டுப் பிள்ளை. எங்களைத் தாதூ, திதா என்று அழைப்பவன். பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. 3 வயதில் அறுவை செய்து, காக்ளியர் என்று மருத்துவர் கூறும் உட்செவிக் கருவி பொருத்தினார்கள். காதின் பின்னே ஒரு சிறு ஒலிவாங்கி. அதனோடு இணைந்த வட்டத் துண்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பதித்த மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டும். அதைக் கொண்டே அவன் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறான். எங்கள் வீட்டுக்கு வந்து வந்து ‘போதும் பாட்டி’, ‘இன்னும் ஒன்று’ என்ற அளவுக்குத் தமிழும் கற்றுவிட்டான். பின்னது அதிகம் பயன்படுகிறது.

கோடை விடுமுறையில் கதையைப் புதிதாகத் தொடங்கினார்கள். அவன் மந்திரவாதிப் பாத்திரம் கேட்டான். தாளில் பாத்திரத்தின் உருவத்தை எழுதும்பொழுது, “என் மந்திரவாதிக்கும் காதில் என்னைப் போலவே கருவி இருக்கிறது” என்றான். அதுவரை அவன் ஆடிய பாத்திரங்களுக்கெல்லாம் நல்ல காது இருந்தது. இம்முறை தன்னையே மந்திரவாதியாகக் காண விரும்பினான் போலும். பேரன் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, “அப்படியானால் உனக்கு மந்திரம் ஒரு புள்ளி குறைவு” என்றான். தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. மாத்திரைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னான். அந்தப் பிள்ளை பதில் பேசவில்லை. தலையிலிருந்த வட்டத் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மற்றவர் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்பதே அதன் பொருள். 7 மணி வரை அப்படியே இருந்துவிட்டு மாடிக்குப் போனான். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் பெரிய வழக்காடல் நடந்தது. மகன் விதியை எடுத்துவிடு என்றான். பேரன் அழும் நிலையில் இருந்தான். எனினும் தன் நிலையை விடவில்லை. ஒருவனுக்காக விதியை எடுத்தால் அடுத்தவன் கையில் பீரங்கி பதித்துக்கொண்டு மந்திரமும் கேட்பான். இரக்கப்பட்டு விதியைத் தளர்த்தினால் அது தோழனுக்கு இன்னும் அவமானம் என்றான். பின்னது உண்மை. நாங்கள் கேட்டது ஒன்றே: இந்த விதி எதற்காக ஏற்பட்டது? ஆர்க்கேனத்தில் பகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே மந்திரம் பொறியின் விதியைத் தளர்த்துகிறது, பொறி மந்திரத்தைத் தடுக்கிறது. இரண்டும் வெளியில் நடப்பன. உன் குறிப்பேடோ, பொறி புகுந்த உடலில் உயிரே ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று கணக்கெழுதுகிறது. அது மந்திரத்தைப் பற்றிய விதி அன்று, ஆளைப் பற்றிய தீர்ப்பு. தாத்தாவின் மார்பில் அந்தப் பொறி இல்லாதிருந்தால் குறைந்திருக்கக்கூடியது ஒரு புள்ளியா? ஆசைப்பட்டுக் கையில் பீரங்கி வைத்துக்கொள்பவனையும், கேட்பதற்காகக் காதில் கருவி வைத்துக்கொள்பவனையும் ஒரே வரியில் எழுதுவது கணக்காசிரியைக்குச் சம்மதமில்லை என்று எங்களுள் இளையவர் கண்டிப்பாகவே சொன்னார்.

பேரன் அன்றிரவு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இரண்டு மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள். தீர்வு சொன்னவன் அந்தப் பிள்ளைதான். “தாதூ, மந்திரம் இயற்கை விதியைத் தளர்த்தும் அல்லவா? அப்படியானால் நான் பெரிய மந்திரம் செய்யும்பொழுது முதலில் நிற்பது என் காதுக் கருவிதான். மந்திரம் முடியும் வரை எனக்கு ஒன்றும் கேட்காது. நண்பர்கள் எச்சரித்தாலும் கேட்காது. அது என் விலை. மந்திரம் குறையக் கூடாது.” தூங்கும்பொழுதும் குளிக்கும்பொழுதும், காளி பூசை வெடிச் சத்தத்தில் தலை வலிக்கும்பொழுதும் அவன் கருவியைக் கழற்றுவது வழக்கம், அந்த அமைதி எப்படிப்பட்டது என்று மேசையில் வேறு யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டான்: குரலால் மயக்கும் பகைவர் வந்தால், கருவியைக் கழற்றிவிட்டு அவன் ஒருவன் மட்டும் மயங்காமல் நிற்கலாம். இதைக் கேட்டுப் பேரன், இது விலையா இலாபமா என்று சிறிது நேரம் சண்டையிட்டான். சண்டையிட்டது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரி எழுதப்பட்டது. உடலிலுள்ள பொறி எதுவாயினும் அதனால் உயிர்ச்சாரம் குறையாது; மந்திரம் செய்யும் நேரத்தில் அப்பொறி என்னாகும் என்பதை அப்பாத்திரத்திற்கு உரியவனே சொல்ல வேண்டும், மேசை ஒப்ப வேண்டும். கையில் பீரங்கி கேட்ட மற்றொருவன், மந்திரம் சொல்லும்பொழுது அது தானே வெடிக்கக்கூடும் என்று அறிந்து, இப்பொழுது பீரங்கி வேண்டாம் என்கிறான்.

சென்ற ஞாயிறு கதை ஓர் இரயிலில் நடந்தது. மந்திரவாதிக்குச் சீட்டு மறுத்துவிட்டார்கள். அவ்விதி இன்னும் நீங்கவில்லை, நீங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. அவன் வண்டிக்கு வெளியே, குன்றின்மேல் நின்று, கைதான தோழர்களை மீட்க வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சினை மந்திரத்தால் தாக்கினால் கொதிகலன் வெடித்துத் தோழரும் மாண்டுபோவர். தேநீர் கொண்டுசென்றவரைப் பார்த்து, “தாதூ, நீராவி வண்டியில் பிரேக் எங்கே இருக்கும்?” என்றான்.

அகலப்பாதையில் நீராவி எஞ்சின் ஓய்ந்தது 1995இல். அதன்பின் யாரும் எங்களிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. தாளில் படம் போட்டுக் காட்டினோம். வண்டி நெடுக ஒரு குழாய் ஓடுகிறது; எஞ்சினிலுள்ள கருவி அதனுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றில்லாத வரையில் பிரேக் விலகியிருக்கும். எங்கேனும் காற்று உட்புகுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் நடப்பது அதுவே. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே அது இரப்பர்க் குழாயாகத்தான் இருக்கும்.

“அப்படியானால் எனக்குப் பெரிய மந்திரமே வேண்டாம்” என்றான் அவன். “விரற்கடை அளவு ஓர் ஓட்டை. மிச்சத்தை இயற்கை விதி பார்த்துக்கொள்ளும்.”

அது மந்திரமா, பொறியியலா, முள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஐவரும் கூச்சலிடத் தொடங்கினார்கள். அவன் காதுக் கருவியைக் கழற்றாமலே 20 முகப் பகடையைக் கையில் எடுத்தான். சிறிய மந்திரத்திற்குக் காது போகாது என்று விதி இருக்கிறதாம்.